எலியும் தூசியும்: ஹண்டா வைரஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர் வீட்டைத் திறந்து சுத்தம் செய்யப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "விளக்குமாறு எடுக்கப் போகிறீர்களா, வாளி எடுக்கப் போகிறீர்களா?" என்பதுதான். ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பதற்கான பதில் இந்தப் பக்கத்தில் இருக்கிறது. எலிகளிடமிருந்து வரும் ஹண்டா வைரஸ்களைப் பற்றி உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். காய்ச்சலில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டோடு இருந்துவிட வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

ஹண்டா என்பது ஒரு வைரஸின் பெயரா?

இல்லை, ஒரு குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பத்தில் பல வைரஸ்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு எலி இனம் உண்டு. கொரியாவில் முதுகில் கறுப்புக் கோடு ஓடும் வயலெலி, வட அமெரிக்காவில் மான் நிற முதுகும் வெள்ளை வயிறும் கொண்ட சுண்டெலி, பின்லாந்தில் காட்டுக்குள் வாழும் குட்டை வால் எலி, உலகம் முழுக்கத் துறைமுகங்களிலும் சாக்கடைகளிலும் திரியும் பழுப்பு எலி என்று ஆளுக்கொன்று. வைரஸைச் சுமக்கும் எலிக்கு நோய் என்று பார்த்துச் சொல்லும்படி எதுவும் இருக்காது. நன்றாக ஓடும், தின்னும், குட்டி போடும். ஆனால் அதன் சிறுநீரிலும் புழுக்கையிலும் எச்சிலிலும் வைரஸ் நீண்ட காலம் வெளியேறிக்கொண்டே இருக்கும். நோய் மனிதனுக்குத்தான்.

எலிக்காய்ச்சல் என்று சொல்கிறார்களே, அதுவா இது?

அது வேறு, இது வேறு. இந்தக் குழப்பம்தான் எல்லாவற்றிலும் பெரியது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நம் ஊரில் எலிக்காய்ச்சல் என்று சொல்வது லெப்டோஸ்பைரோசிஸ் நோயை. அதற்குக் காரணம் பாக்டீரியா. எலி, மாடு, நாய் போன்றவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரிலோ சேற்றிலோ கால் வைக்கும்போது, தோலில் உள்ள வெடிப்பு வழியாக அது உள்ளே போகிறது. மழைக்காலத்திலும் நாற்று நடும் காலத்திலும் அதிகம். அதற்கு டாக்சிசைக்ளின், பென்சிலின் போன்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகள் உண்டு, சீக்கிரம் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும்.

ஹண்டா என்பது வைரஸ். ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது. அது பெரும்பாலும் வருவது தண்ணீர் வழியாக அல்ல, காற்றில் பறக்கும் தூசி வழியாக.

ஆனால் படுக்கையில் கிடப்பவரைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கடுமையான காய்ச்சல், உடம்பு வலி, சிவந்த கண், குறையும் தட்டணுக்கள், தடுமாறும் சிறுநீரகம். இரண்டுக்கும் நடுவில் எலிதான் நிற்கிறது, இரண்டும் வருவது வயலிலும் கிடங்கிலும் வேலை செய்கிற அதே மக்களுக்குத்தான். எலிக்காய்ச்சல் என்று சந்தேகித்துப் பரிசோதித்து, முடிவு 'இல்லை' என்று வந்தபின் 'ஏதோ வைரல் காய்ச்சல்' என்று கோப்பை மூடிவிடுவது நடக்கிறது. அந்த 'ஏதோ'வுக்குள் ஹண்டாவும் ஒளிந்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

கொரியாவில் உள்ள ஹண்டான் ஆற்றிலிருந்து. 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில், ஐ.நா. படை வீரர்கள் 3,000 பேருக்கு மேல் ஒரு விசித்திரமான காய்ச்சலில் விழுந்தார்கள். முகம் சிவக்கும், ரத்த அழுத்தம் சரியும், சிறுநீர் நின்றுபோகும், தோலுக்கடியில் ரத்தம் கசியும். அது என்னவென்று யாருக்கும் பிடிபடவில்லை. போர் முடிந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் கிருமி கிடைக்கவில்லை.

கண்டுபிடித்தவர் கொரிய விஞ்ஞானி ஹோ வாங் லீ. அவருடைய குழு வயல்களில் எலி பிடித்து, அந்த எலிகளின் உறுப்புகளை மெல்லிய சீவல்களாக வெட்டி, நோயிலிருந்து மீண்டவர்களின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளை அவற்றின் மேல் விட்டுப் பார்த்தது. எதிர்ப்பொருள் தன் எதிரியை அடையாளம் கண்டால் நுண்ணோக்கியில் அந்த இடம் ஒளிரும். 1976இல் வயலெலியின் நுரையீரல் சீவல் ஒளிர்ந்தது. சிறுநீரகத்தைத் தாக்கும் நோய்க்கு விடை எலியின் நுரையீரலில் இருந்தது! பிறகு வைரஸைத் தனியே பிரித்தெடுத்து, போர் நடந்த அந்தப் பகுதியில் ஓடும் ஆற்றின் பெயரையே வைத்தார்கள். எலி பிடிக்கப் போன குழுவினர் சிலரே அந்த நோயில் விழுந்து எழுந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். பெயர் தெரியாத அவர்கள் இல்லாமல் இந்தக் கண்டுபிடிப்பு இல்லை.

அமெரிக்காவில் வருவது நுரையீரலைத் தாக்குகிறதாமே?

ஆமாம். ஐரோப்பா, ஆசியாவில் உள்ள ஹண்டா வைரஸ்கள் பெரும்பாலும் சிறுநீரகத்தைக் குறிவைக்கின்றன, அமெரிக்கக் கண்டங்களில் உள்ளவை நுரையீரலையும் இதயத்தையும். இது உலகத்துக்குத் தெரியவந்தது 1993இல்தான்.

அந்த ஆண்டு மே மாதம், நியூ மெக்சிகோ மாநிலத்தில் நவாஹோ என்ற பழங்குடி இனத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர், நல்ல ஓட்டப்பந்தய வீரர், மூச்சுத் திணறி இறந்தார். சில நாட்களுக்கு முன்னால்தான் அவர் மணக்க இருந்த பெண்ணும் அதேபோல் இறந்திருந்தார். அவளுடைய இறுதிச் சடங்குக்குப் போகும் வழியில் இவர் சரிந்தார். நான்கு மாநிலங்கள் சந்திக்கும் அந்த வறண்ட பூமியில் இதேபோல் இன்னும் சிலர் இறந்திருப்பது அடுத்தடுத்துத் தெரிந்தது. எல்லோரும் நேற்று வரை ஆரோக்கியமாக இருந்தவர்கள். மாதிரிகளைச் சோதித்தபோது, யாரும் எதிர்பாராத விதமாக, கொரியாவில் கண்ட குடும்பத்தின் சாயல் தெரிந்தது. சில வாரங்களில் வைரஸும் அதைச் சுமக்கும் சுண்டெலியும் அடையாளம் காணப்பட்டன.

ஏன் அந்த ஆண்டு? எல் நினோ காரணமாக அதற்கு முந்தைய குளிர்காலத்தில் அங்கே வழக்கத்தை மீறி மழையும் பனியும் கொட்டியது. பினோன் மரங்கள் கொட்டை கொட்டையாகக் காய்த்தன. தின்ன நிறையக் கிடைத்ததும் எலிகள் பெருகின, பெருகிய எலிகள் வீடுகளுக்குள் நுழைந்தன. இதை விஞ்ஞானிகளுக்குச் சொன்னவர்களில் நவாஹோ முதியவர்களும் உண்டு. பினோன் அமோகமாக விளைந்த ஆண்டுகளில் முன்பும் இப்படி மரணங்கள் வந்தன என்று அவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். எலியை வீட்டுக்குள் அண்டவிடக் கூடாது, அது தொட்ட துணியை எரித்துவிட வேண்டும் என்பது அவர்களுடைய பழைய வழக்கம். பாதுகாத்து வைத்திருந்த பழைய மாதிரிகளைச் சோதித்தபோது, 1993க்கு முன்பே இந்த வைரஸ் மனிதர்களைத் தாக்கியிருந்தது உறுதியானது. முதியவர்களின் நினைவு சரியாகத்தான் இருந்திருக்கிறது.

அந்த மக்களுக்குக் கிடைத்ததோ அவமானம். பத்திரிகைகள் 'நவாஹோ ஃப்ளூ' என்று எழுதின, உணவகங்களில் அவர்களைக் கண்டு ஒதுங்கினார்கள். வைரஸுக்கு அந்தப் பகுதியின் பெயரை வைக்க முயன்றபோது உள்ளூர்க்காரர்கள் எதிர்த்தார்கள். அடுத்துச் சொன்ன பெயர், ஒரு காலத்தில் நவாஹோ மக்கள் கொல்லப்பட்ட பள்ளத்தாக்கின் பெயர், அதற்கும் எதிர்ப்பு. கடைசியில் ஸ்பானிய மொழியில் 'சின் நோம்ப்ரே' என்று வைத்தார்கள். 'பெயரில்லாதது' என்று பொருள். ஒரு நோய்க்கு ஊர்ப் பெயரையோ இனத்தின் பெயரையோ ஒட்டும்போது அங்கே வாழும் மனிதர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்பதை இதைவிட நன்றாக வேறெதுவும் எனக்குச் சொன்னதில்லை.

தொற்று எப்படி வருகிறது?

பெரும்பாலும் மூச்சு வழியாக. எலிச் சிறுநீரும் புழுக்கையும் காய்ந்து, யாராவது கிளறும்போது தூசியோடு எழும்பும். அதை உள்ளிழுத்தால் போதும். எலி கடித்தாலும் வரலாம், ஆனால் அது அபூர்வம். எச்சம் பட்ட கையால் வாயையோ கண்ணையோ தொடுவது இன்னொரு வழி.

எங்கள் ஊர் ஓட்டு வீடு ஒருமுறை எட்டு மாதம் பூட்டிக் கிடந்தது. திறந்த அன்று அம்மா முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு விளக்குமாற்றோடு பரணில் ஏறினார். பழைய குதிருக்குப் பின்னால் கறுப்பு அரிசி சிந்தியதுபோல் புழுக்கைகள், கடித்துக் குதறிய சாக்கு, கழனிப் பானையில் வருவதுபோல் ஒரு புளித்த நெடி. இரண்டு இழுப்பு பெருக்கியதும் கண்ணாடி ஓடு வழியாக விழுந்த வெயில் கற்றை முழுக்கத் தூசி மினுமினுத்தது. நான் கீழே நின்று அண்ணாந்து அதை ரசித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த மினுமினுப்புதான் இந்த நோய் பயணம் செய்யும் பாதை என்று பிற்பாடு படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கொசு இதைப் பரப்புவதில்லை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? அறிகுறிகள் என்ன?

ரத்த நாளங்களின் உள்சுவரில் உள்ள செல்களுக்குள் வைரஸ் குடியேறுகிறது. அந்தச் செல்களை அது நேரடியாகக் கொல்வதில்லை. அதை எதிர்க்கக் கிளம்பும் நம் உடம்பின் பதற்றமும் சேர்ந்து, நாளங்களின் சுவர் இளகிவிடுகிறது. குழாய் வெடித்துக் கொட்டுவதுபோல் அல்ல, தண்ணீர் ஊற்றிய துணிப்பை கசிவதுபோல். கசிவு சிறுநீரகத்தில் என்றால் சிறுநீர் நிற்கும். நுரையீரலில் என்றால் மூச்சுப் பைகளில் நீர் நிறையும்.

எலியின் எச்சத்தோடு புழங்கி ஒன்று முதல் எட்டு வாரத்துக்குள் நோய் தொடங்கலாம். அதனால்தான் பலருக்கு இரண்டையும் முடிச்சுப்போடத் தோன்றுவதில்லை.

சிறுநீரக வகையில் திடீர்க் காய்ச்சல், தலைவலி, முதுகு வலி, வயிற்று வலி, சிவந்த முகமும் கண்ணும், சிலருக்கு மங்கலான பார்வை. பிறகு ரத்த அழுத்தம் குறையும், அப்புறம் சிறுநீர் குறையும். தேறும் கட்டத்தில் தலைகீழாக, ஒரு நாளைக்கு மூன்று லிட்டருக்கு மேல் சிறுநீர் போகும். கொரியாவின் ஹண்டான் வகையில் நூற்றுக்கு 5 முதல் 15 பேர் வரை இறந்திருக்கிறார்கள். பின்லாந்தில் ஆண்டுதோறும் பலரைப் பிடிக்கும் பூமலா வகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இறப்பதில்லை.

நுரையீரல் வகையில் தொடை, இடுப்பு, முதுகு போன்ற பெரிய தசைகளில் வலியும் காய்ச்சலும் நாலைந்து நாள் இருக்கும். மூக்கு ஒழுகுவது பொதுவாக இருக்காது. பிறகு இருமல் தொடங்கி, மூச்சுத் திணறல் மணிக்கணக்கில் முற்றும். அந்தக் கட்டத்தை அடைந்தவர்களில் நூற்றுக்கு 35 முதல் 40 பேர் இறக்கிறார்கள்.

ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுமா?

ஒரே ஒரு விதிவிலக்கைத் தவிர, இல்லை. அர்ஜென்டினா, சிலி நாடுகளில் உள்ள ஆண்டிஸ் வைரஸ்தான் அந்த விதிவிலக்கு. 1996இல் எல் போல்சோன் ஊரில் இது முதலில் தெரிந்தது. 2018இன் இறுதியில் எபுயேன் என்ற சிற்றூரில் ஒரு பிறந்தநாள் விழாவுக்கு வந்த நோயாளியிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவி, 34 பேருக்கு நோய் வந்தது, 11 பேர் இறந்தார்கள். நோய்த் தொடர்பில் இருந்தவர்களைத் தனிமைப்படுத்தியதும் பரவல் அடங்கியது.

2020இல் 'கொரோனாவுக்கு அடுத்தது ஹண்டா' என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

அந்த மார்ச் மாதத்தில் சீனாவில் பேருந்தில் போய்க்கொண்டிருந்த ஒருவர் இறந்தார், சோதனையில் ஹண்டா இருந்தது. செய்தி அவ்வளவுதான். எல்லோரும் பயந்து போயிருந்த நேரம் என்பதால் அது காட்டுத்தீயாகப் பரவியது. சீனாவில் இது புதிதே இல்லை. உலகில் இந்த நோய் அதிகம் காணப்படும் நாடு அதுதான்.

தமிழ்நாட்டில் ஹண்டா உண்டா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒரு சிலிர்ப்பு வரும். இந்தக் குடும்பத்தில் முதன்முதலாக ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுக்கப்பட்ட வைரஸ் கொரியாவில் கிடைத்ததல்ல. வேலூரில் கிடைத்தது. 1964இல், கொரியக் கண்டுபிடிப்புக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே!

கொசு போன்ற பூச்சிகளால் பரவும் வைரஸ்களைத் தேடிக்கொண்டிருந்த ஆய்வாளர்கள், வேலூர் தோட்டப்பாளையத்தில் பிடிபட்ட ஒரு மூஞ்சூறிலிருந்து ஒரு வைரஸை எடுத்தார்கள். 1971இல் அதைத் 'தோட்டப்பாளையம் வைரஸ்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். பூச்சியால் பரவும் வகையாக இருக்கலாம் என்றுதான் அப்போது நினைத்தார்கள். அது ஹண்டா குடும்பத்தைச் சேர்ந்தது என்று புரிய 1980கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. மூஞ்சூறு எலியே அல்ல. கூரிய மூக்கும் பூச்சி தின்னும் பல்லும் கொண்ட தனி இனம். பிள்ளையார் கோயிலில் வாகனமாக நிற்கும் அதைத் தமிழில் தனிப் பெயரிட்டுத்தான் அழைக்கிறோம். எலிகளின் சொத்து என்று நினைத்த வைரஸ் குடும்பத்தில் இது ஒற்றையாக நின்றது. 2007க்குப் பிறகு மூஞ்சூறு இனங்களிலும் அகழ் எலி போன்ற பூச்சியுண்ணிகளிலும் வௌவால்களிலும் வரிசையாகப் புதிய ஹண்டாக்கள் கிடைத்தபோதுதான், இந்தக் குடும்பத்தின் வேர் எலிகளில் இல்லாமலும் இருக்கலாம் என்ற எண்ணம் வலுத்தது. இப்போது அந்தக் கிளைக்குத் 'தொட்டிம்வைரஸ்' என்று பெயர். தோட்டப்பாளையத்தின் முதல் எழுத்துகளையும் கொரியாவின் இம்ஜின் ஆற்றின் முதல் எழுத்துகளையும் சேர்த்த பெயர் அது.

பயப்பட வேண்டாம், தோட்டப்பாளையம் வைரஸ் மனிதருக்கு நோய் தரும் என்று நிறுவப்படவில்லை. ஆனால் மற்ற ஹண்டாக்கள் இங்கே மனிதரைத் தொட்டிருக்கின்றன. வேலூர் ஆய்வாளர்கள் நாள்பட்ட சிறுநீரக நோயாளிகள், கிடங்குத் தொழிலாளர்கள், எலியோடு புழங்கும் பழங்குடி மக்கள் ஆகியோரின் ரத்தத்தைச் சோதித்தபோது சிலரிடம் ஹண்டா எதிர்ப்பொருள் இருந்தது. எலிக்காய்ச்சல் என்று சந்தேகிக்கப்பட்டவர்களிடமும் கிடைத்தது. வயல் எலி பிடித்து நம் நெல்லைக் காப்பாற்றிக் கொடுக்கும் இருளர் குடும்பங்கள் வெறும் கையோடு வளைக்குள் கைவிடுகிறார்கள், மூட்டம் போட்டு வாயால் ஊதுகிறார்கள். அவர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் கொடுத்து, காய்ச்சல் வந்தால் சரியாகப் பரிசோதிப்பது அரசு செய்ய வேண்டிய சின்ன வேலை.

இலங்கையில்?

உண்டு. 2008இல் இலங்கையில் எலிக்காய்ச்சல் பெரிதாகப் பரவி, 7,000 பேருக்கு மேல் சந்தேக நோயாளிகளாகப் பதிவானார்கள். அதன் பின் கண்டிப் பகுதியில் எலிக்காய்ச்சல் சந்தேகத்தில் வந்தவர்களின் ரத்தத்தை ஆராய்ந்தபோது, தாய்லாந்தில் பெருச்சாளியிடம் கிடைத்த ஹண்டாவுக்கு நெருங்கிய ஒன்றின் எதிர்ப்பொருள் சிலரிடம் இருந்தது. காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவியுள்ள விவசாயப் பகுதிகளிலும் இது குறித்து ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஹண்டாதான் அந்தச் சிறுநீரக நோய்க்குக் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை.

மருந்து, தடுப்பூசி இருக்கிறதா?

வைரஸைக் கொல்லும் உறுதியான மருந்து இல்லை. சிறுநீரக வகையில் ரிபாவைரின் ஆரம்பத்திலேயே கொடுத்தால் பலன் தருவதாகச் சீனாவில் கண்டார்கள். நுரையீரல் வகையில் அது உதவவில்லை. உயிரைக் காப்பது நல்ல தீவிர சிகிச்சைதான்: அளந்து ஏற்றும் திரவம், தேவைப்பட்டால் டயாலிசிஸ், வென்டிலேட்டர், சில இடங்களில் ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ. கசியும் நாளங்களுக்குள் கணக்கில்லாமல் குளுக்கோஸ் ஏற்றினால் நுரையீரல் நிறைந்துவிடும். 'ஒரு பாட்டில் ஏற்றிவிடுங்க டாக்டர்' என்று நாமே கேட்டு வாங்கும் பழக்கம் இந்த நோயில் ஆபத்து.

தென் கொரியாவிலும் சீனாவிலும் தடுப்பூசி பயன்பாட்டில் இருக்கிறது. அது அங்குள்ள வகைகளுக்கு மட்டும்.

பூட்டிக் கிடந்த வீட்டை எப்படிச் சுத்தம் செய்வது?

முதலில் கதவு, சன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே வந்து நில்லுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு காபி குடித்தால் நேரம் போய்விடும். ரப்பர் கையுறையும், முகத்தை இறுக்கமாக மூடும் என்95 முகக்கவசமும் போடுங்கள். முந்தானையும் துண்டும் போதாது.

விளக்குமாற்றையும் வேக்குவம் கிளீனரையும் தொடாதீர்கள். கடையில் விற்கும் திரவ பிளீச் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, புழுக்கை, கூடு, செத்த எலி எல்லாம் சொதசொதவென்று நனையும்வரை மெதுவாகத் தெளியுங்கள். பீய்ச்சி அடித்தால் தூசி கிளம்பும். ஐந்து நிமிடம் ஊறட்டும். பிறகு பழைய துணியாலோ தாளாலோ வழித்தெடுத்து, இரண்டு பைக்குள் கட்டிப் போடுங்கள். தரையை அதே கலவையால் துடையுங்கள். கையுறையைக் கழற்றுமுன் அதையும் கழுவி, கழற்றியபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இந்த வைரஸுக்கு வெளியே ஒரு கொழுப்பு உறை இருப்பதால் சோப்பு, பிளீச், நல்ல வெயில் எல்லாமே அதை அழித்துவிடும். பாய், தலையணை, சாக்குகளை வெயிலில் போடுங்கள், தட்டி உதறாமல்.

பிளீச்சோடு கழிப்பறை கழுவும் ஆசிட்டை மட்டும் கலந்துவிடாதீர்கள். எழும்பும் குளோரின் வாயு ஆளைச் சாய்த்துவிடும்.

பூனை வளர்த்தால் போதுமா?

போதாது. பூனை எலியை வெளியில் பிடித்து நடு வீட்டில் கொண்டுவந்து போடவும் செய்யும். பென்சில் நுழையும் ஓட்டை இருந்தால் சுண்டெலி நுழைந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரை ஓட்டைக்குள் திணித்துச் சிமென்ட் பூசினால் அதைக் கடித்துக்கொண்டு வராது. அரிசி, தானியம், நாய்ச் சோறு எல்லாம் மூடியுள்ள டப்பாவில் இருக்கட்டும்.

வளர்க்கும் வெள்ளெலியால் வருமா?

வரலாம். வெள்ளையாக இருந்தாலும் வீட்டில் வளர்க்கும் எலியும் பழுப்பு எலி இனம்தான். அந்த இனத்தில் சோல் வைரஸ் என்ற ஹண்டா வகை உண்டு. 2017இல் அமெரிக்காவில் எலி வளர்ப்பவர்கள் சிலருக்கு அது வந்தது. கூண்டைச் சுத்தம் செய்தபின் கை கழுவுங்கள், எலியை முத்தமிட வேண்டாம்.

காய்ச்சலோடு போனால் மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

காய்ச்சல் எத்தனை நாள் என்பதோடு கடந்த இரண்டு மாதத்தையும் சொல்லுங்கள். 'மூன்று வாரத்துக்கு முன்னால் பூட்டியிருந்த வீட்டைப் பெருக்கினேன்', 'நெல் கிடங்கில் வேலை செய்கிறேன்', 'எலி பிடித்தேன்' என்று இருப்பதை அப்படியே சொன்னால் போதும். சிறுநீர் குறைந்திருந்தாலோ மூச்சு வாங்கினாலோ அதை முதலில் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் பரிசோதனை 'இல்லை' என்று வந்தும் சிறுநீரகமும் தட்டணுவும் சரியில்லை என்றால், "ஹண்டாவுக்குப் பார்க்க முடியுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனை அது. எல்லா லேபிலும் இருக்காது, மாதிரியைப் பெரிய மருத்துவமனைக்கோ வைரஸ் ஆய்வுக்கூடத்துக்கோ அனுப்ப வேண்டியிருக்கும்.